இரண்டு அங்குல ஏரி

பூட்ஸுக்கு மேல் நீல உறை மாட்டிக்கொண்டு வந்த லாஹ்தி
பதினோரு ஜன்னல்களையும் அளந்துவிட்டு
மேசைமேல் மூன்று தாள்களை வைத்தார்.

மலிவான தாளில் நிலை அப்படியே இருக்கும்,
ஏறி இறங்கும் கண்ணாடிச் சட்டங்கள் மட்டும் புதிது.
நடுத்தாளில்
பழைய நிலைக்குள் புது நிலை செருகப்படும்,
சட்டைக்குள் பனியன் மாதிரி என்றார்.
மூன்றாவது தாளை விரலால் தட்டினார்:
சுவரின் எலும்பு தெரியும்வரை
எல்லாவற்றையும் பெயர்ப்பது.

அதன் அடியிலிருந்த தொகையை கிளமெண்ட் படித்தான்.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தான்.
தொகை மாறவில்லை.

நடுத்தாள் என்றான்.
அவன் எப்போதும் நடுத்தாள்தான்,
உணவகத்தில் ஒயினைக்கூட
மூன்றில் இரண்டாம் விலையில் கேட்பவன்.

"கண்ணாடி கொஞ்சம் சிறுக்கும்" என்றார் லாஹ்தி.
கொஞ்சம் என்றால்?
"பக்கத்துக்கு ஓர் அங்குலம்."

அவர் போனதும்
சமையலறை ஜன்னலின் நான்கு ஓரங்களிலும்
நீல டேப் ஒட்டினேன்.
இழக்கப்போவதோடு ஒரு வாரம் இருந்து பார்த்தோம்.
கீழே ஓர் அங்குலம் பக்கத்துவீட்டு காரேஜ் கூரை:
நஷ்டமில்லை.
மேலே ஓர் அங்குலம் மேகம்,
டுலுத்தில் அதற்குப் பஞ்சமில்லை.
வலப்புறம்தான் சிக்கல்.
இரும்புத்தாது ஏற்ற வரும் கப்பல்
இரண்டு தட்டு கழுவும் நேரத்தில் தெரிவது,
இப்போது மூன்றாவது தட்டுக்குத்தான் மூக்கை நீட்டியது.

"மார்வா, ஏரி முந்நூற்றைம்பது மைல்.
ரெண்டு அங்குலம் போனால் என்ன?"

அதை அக்கரையில் நிற்பவனிடம் சொல்.

ஞாயிறன்று டேப்பைப் பிய்த்தேன்.
பெயிண்டும் தோலாகக் கூடவே வந்தது.
அடியில் மரம் காப்பித்தூள் நிறம்.
கிளமெண்ட் ஸ்க்ரூடிரைவரின் முனையை அதில்
அழுத்தவில்லை, வைத்தான், அவ்வளவுதான்.
கைப்பிடிவரை போய்விட்டது.

பதினெட்டுக் குளிர்காலம்
அந்தப் பலகையில்தான் முழங்கை ஊன்றியிருக்கிறோம்.
வேலை போனதை, போய் இரண்டு மாதம் கழித்து,
அங்கே நின்றுதான் சொன்னான்.
நடுத்தாள் அதன்மேல்
வெள்ளையாக, கச்சிதமாக,
இருபது வருட உத்தரவாதத்தோடு உட்கார்ந்திருக்கும்.
பூசி மெழுகுவதில்
எங்களுக்கும் கொஞ்சம் கைப்பழக்கம் உண்டு.

அன்றிரவே மற்ற பத்தையும் குத்திப் பார்த்தோம்.
டார்ச் என் கையில், ஸ்க்ரூடிரைவர் அவன் கையில்.
எட்டு "டக்" என்று பதில் சொல்லின.
குளியலறை கொஞ்சம் யோசித்தது.
மாடி வடக்கு ஜன்னல் பெயிண்டில் ஒட்டிக்கிடந்தது,
அதை லாஹ்தியே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டோம்.

எட்டுக்கு நடுத்தாள்.
சமையலறைக்கு மூன்றாவது,
கூரைக்கு வைத்திருந்த பணத்தில்.
கூரை ஒன்றும் சொல்லவில்லை, இன்னும் மழை வரவில்லை.

அக்டோபரில் நிலையைப் பெயர்த்தபோது
பக்கச் சந்திலிருந்து
இரண்டு இரும்பு எடைகள் விழுந்தன, அறுந்த கயிறோடு.
பின்னாலேயே ஒரு கம்பளிச் சாக்ஸ், ஒற்றை,
குதிகாலில் ஓட்டை.
குளிரை அடைக்க யாரோ கண்ட
நான்காவது வழி.

பிறகு நாலு மணி நேரம்
சுவரில் வெறும் ஓட்டை.
கோட்டு போட்டுக்கொண்டு காப்பி குடித்தோம்.
தள்ளுபடி அட்டைகள் ஃபிரிட்ஜிலிருந்து பறந்தன.
கப்பல் ஊதியது,
கண்ணாடி வழியாக வடிகட்டாமல்,
நேராக, எங்கள் கோப்பைக்குள் ஊதியது.
இவ்வளவு சத்தமா என்றான் கிளமெண்ட்.
அவன் குரலும் எனக்குப் புதிதாகத்தான் கேட்டது.
சொல்லவில்லை.

இப்போது ஹீட்டர் இரவெல்லாம் முனகுவதில்லை.
கப்பல் இரண்டாம் தட்டுக்கே வந்துவிடுகிறது.
மற்ற எட்டிலும் அங்குலம் அங்குலமாக எதையோ இழந்திருக்கிறோம்,
எதை என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஸ்க்ரூடிரைவரை மட்டும்
யாரும் பட்டறைக்குத் திருப்பி எடுத்துப் போகவில்லை.
இழுப்பறையில் கிடக்கிறது,
கரண்டிகளோடு.