சாக்கு

பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டா போகும் பேருந்தில்
மலைப்பாதை முடிகிற வளைவில் இறங்கி
ஆந்திரச் சோதனைச் சாவடிக்கு முதுகைக் காட்டி நடந்தால்
இருபது நிமிடத்தில் அந்தப் பாறை.
ஆடு மேய்ப்பவர்களுக்கு எலுகு குண்டு.
எலுகு என்றால் கரடி.
பெங்களூர்ப் பசங்கள் வேறு பெயர் வைத்து
அதற்கு ஒரு நம்பரும் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.
மார்கழியிலும் வேர்க்கும்.
பிளஸ் டூ கணக்குப் பரீட்சையில்
கைக்குட்டை விரித்து அதன்மேல் கை வைத்து எழுதினேன்.
நிச்சயதார்த்த மோதிரம் வழுக்கி விழுந்தது,
அது நல்லதற்குத்தான்.
ரேஷன் கடை மெஷின் இன்றுவரை
என் கட்டைவிரலை நம்பியதில்லை.

அதனால்தான் பொடி.
சாக் என்று அவர்கள் சொல்வது
என் வாயில் சாக்கு.
இடுப்பில் தொங்கும் பைக்குள் கையை விட்டு,
துழாவி, எடுத்து, ஊதி,
திரும்பக் கல்லுக்கு.
மூன்று பிடிக்கு ஒருமுறை என்றுதான் தொடங்கினேன்.
பிறகு ஒரு பிடிக்கு மூன்று முறை.
கீழே கயிற்றைப் பிடித்திருக்கும் மதுகிரண் கத்துவான்:
"பூரிக்கா, சப்பாத்திக்கா?"
அவனுக்குத் தெரியாது,
சாக்குப் பைக்குள் கை இருக்கும்வரை
மேலே போகாமலிருக்க ஒரு சாக்கு.

பொடியும் வேர்வையும் சேர்ந்து
இட்லிப் பானை விளிம்பில் காய்ந்த மாவு போலக்
கல்லின் சொரசொரப்பை அடைத்துவிட்டது.
பிடிகள் வழுக்கின.
வழுக்குகிறதே என்று இன்னும் போட்டோம்.
சாலையிலிருந்தே தெரியும்
எங்கே வலது கை, எங்கே இடது கை.
புதிதாக வந்தவர்கள் கல்லைப் பார்க்கவில்லை,
வெள்ளையைப் பார்த்து ஏறினார்கள்,
முந்தைய நாளே வினாத்தாள் கிடைத்தவர்கள் மாதிரி.

ஆவணியில் ஒரு ஞாயிறு.
பழைய டூத் பிரஷ் இரண்டு, ஒரு கேன் தண்ணீர்,
நானும் ஃபர்ஹத்தும்.
தேய்த்துக் கழுவத்தான் போனோம்.

இரண்டு ஆள் உயரத்தில், நெற்றிபோல் புடைத்த இடத்தில்,
மழை படாத சரிவில், ஓர் இரட்டைப் பிடி.
என் இரண்டு வருடப் பொடி
அங்கே இரண்டு வெள்ளைப் பட்டையாக வழிந்திருக்கும்.
நடுவில் யாரோ
சிவப்பாக ஒரு கோடு இழுத்திருந்தார்கள்.

அடியில் தேங்காய் மூடி. எறும்பு. கற்பூரக் கரி.

ஃபர்ஹத் சிரித்தாள்.
பிறகு, "ஷூவைக் கழட்டணுமாடி?" என்றாள்.

ஆடுகளோடு வந்த கங்குலப்பாவுக்கு என் வயதுதான் இருக்கும்.
பாதித் தெலுங்கில் சொன்னான்,
போன மாதம் வெளிப்பட்டாராம்.
"தானாவா?"
"தானாத்தான். மழைக்கே போகலையே."
"செவப்பு யாரு வெச்சது?"
"நான்."

அந்த இடத்தைத் தொட எனக்கு மூன்று மாதம் ஆனது.
இவன் வெறுங்காலில்,
வாயில் குங்குமப் பொட்டலத்தைக் கவ்விக்கொண்டு.
கை வழுக்கலையா என்றேன்.
லுங்கியில் இருமுறை துடைத்துக் காட்டினான்,
இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல.

அது நான்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது.
பிரஷ் பையை விட்டு வெளியே வரவில்லை.

கரடியின் முதுகுப்பக்கம் போனோம்.
யாரும் ஏறாத பக்கம். நம்பர் இல்லை.
பொடிப் பையை அவிழ்த்து
ஃபர்ஹத்தின் கழுத்தில் மாட்டிவிட்டு
பேன்ட்டில் துடைத்துக்கொண்டு கை வைத்தேன்.
எங்கே என்று எதுவும் சொல்லவில்லை கல்.
விழுந்தேன். கயிறு பிடித்தது. மறுபடியும் விழுந்தேன்.
தடவித் தடவி,
புளியங்கொட்டை அளவில் ஒரு விளிம்பு
விரல்நுனிக்குத் தட்டுப்பட்டது.
கை வேர்த்தது. வேர்க்கட்டும் என்று தொங்கினேன்.
எடுத்தபோது அங்கே ஐந்து விரலும் ஈரமாக இருந்தன,
பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தன.

உச்சிக்குப் போகவில்லை, பாதிதான்.

இறங்கியதும் கங்குலப்பா
தேங்காய்ச் சில்லு ஒன்று நீட்டினான்.
வாங்கினேன்.
நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம் வெள்ளை இருந்தது.
கையை மூடிக்கொண்டேன்.