ஏழாம் ஜாடி

கூடைப்பந்து வளையத்தின் கீழே
மேசை நாற்பத்திரண்டு.
மேரன் ஹூக்ஸ்ட்ரா, எட்டாம் வகுப்பு,
பல்லில் கம்பி.

அயோவாவின் பதினொரு கிணறுகள்
பதினொரு ஜாடிகளில்.
நைட்ரேட் தாள் வெளிர்சிவப்பில் தொடங்கி
ஏழாவதில் கத்தரிப்பூ நிறத்துக்கு ஏறிவிட்டது.

"யார் வீட்டுத் தண்ணீர்?"
"பெயர் சொல்ல மாட்டேன் சார்,
வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

மூடியில்
என் மனைவியின் கையெழுத்து:
ஆப்பிள் ஜாம், செப்டம்பர்.

என் சட்டைப்பையில் தைத்திருப்பது
உரக் கம்பெனியின் பச்சை இலை.
உள்ளே, மண்ணின் நண்பர் விருதுக்கு
இருநூற்றைம்பது டாலர் காசோலை.

மதிப்பெண் தாளில்
'சமூகப் பயன்' கட்டத்தில் மட்டும்
பேனா
சற்று நின்றது.
பத்து போட்டேன்.

"ஏதாவது ஒரு ஜாடியைப் பிடித்துக்கொள்ளுங்களேன்"
என்றார் புகைப்படக்காரர்.
அவள் மூன்றாவதை நீட்டினாள்.
நான் ஏழாவதை எடுத்தேன்,
எழுத்து கேமராவுக்குத் தெரியும்படி.