விட்டுப்போன ஓகாரம்

கிளைப்பேதா துறைமுகம்,
கப்பல் பழுதுபார்க்கும் கம்பெனி, இரண்டாம் மாடி.
வெளிநாட்டு ஆட்களை வரவழைப்பது என் வேலை.
ஆட்கள் என்றால் முதலில் தாள்கள்.
தாள்கள் ஒன்றோடொன்று சண்டை போடாமல் இருந்தால்
பின்னாலேயே ஆள் வருவார்.

மார்ச்சில் ஒரு வெல்டர்,
தாஜிகிஸ்தான், குஜந்த் ஊர்க்காரர்.
பாஸ்போர்ட்டில் தவ்லத்யோர்.
வெல்டிங் சான்றிதழில் தவ்லத்யர்.
எப்போதோ ஒரு குமாஸ்தா
சாப்பாட்டுக்கு எழுந்த அவசரத்தில்
ஓகாரத்தை விழுங்கியிருக்கிறார்.
மெய்கள் எல்லாம் அப்படியே இருந்தன,
போனது ஓர் உயிர்தான்.

குடியேற்ற அலுவலகத்தில் யாத்விகா
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"இவர்கள் இரண்டு பேர்."
"ஒருவர்தான்."
"அதை என்னிடம் சொல்லாதீர்கள்,
தாளிடம் சொல்லுங்கள்."

குஜந்துக்குப் போன் போட்டேன்.
எங்களுக்குப் பொதுவான மொழி ரஷ்யன்,
நான் பள்ளியில் வேண்டாவெறுப்பாய்ப் படித்தது,
அவர் மாஸ்கோவில் சாரத்தின் மேல் நின்று கற்றது.
சான்றிதழ் தந்த பள்ளியை மூடிவிட்டார்களாம்,
இப்போது அது கல்யாண மண்டபம்.
முத்திரை பழைய தலைமையாசிரியரிடம்,
அவரோ மகள் வீட்டில், ஓம்ஸ்க் நகரத்தில்.
எல்லாவற்றையும் தன் குற்றம்போலச் சொன்னார்.
பின்னால் யாரோ
கம்பளத்தை அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

தினமும் காலையில்
ஃபோர்மன் கெஸ்துதிஸ் கதவில் தலையை நீட்டுவார்.
"என் வெல்டர் எங்கே?"
"ஓர் எழுத்தில் மாட்டியிருக்கிறார்."
"இரும்பையே ஒட்டுகிறோம்,
எழுத்தை ஒட்டத் தெரியாதா உங்களுக்கு?"

விடுதி அறையை நானே டேப் வைத்து அளந்தேன்.
தலைக்கு இத்தனை சதுர மீட்டர் என்று சட்டம்.
ஜன்னல் விளிம்பையும் சேர்த்தால்தான் கணக்கு சரி.
சேர்த்தேன்.

படிவத்தில் 'தங்கும் நோக்கம்' என்றொரு கட்டம்.
வேலை என்று எழுதினால் நிரம்பிவிடும்.
அந்த அளவுக்குத்தான் வரைந்திருக்கிறார்கள்.

அவருக்கென்று வைத்திருந்த மீன்பிடிக் கப்பல்
வேறு கைகளால் வயிறு தைக்கப்பட்டு
ஜூனில் கடலுக்குப் போய்விட்டது.
இன்னொன்று வந்து நின்றது.
கப்பல்களில் ஓட்டைக்கா பஞ்சம்.

அக்டோபர் மழையில் விசாவோடு வந்து இறங்கினார்.
எட்டு மாதமாய் நான் பார்த்த போட்டோவில்
காதுகள் தெரிய நேராக நின்றவர்,
நேரில் கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்து நடந்தார்.
அதைக் கேட்கும் கட்டம்
எந்தப் படிவத்திலும் இல்லை.

நவம்பரில் வதிவிட அட்டை.
பெயர்: தவ்லத்யர்.

பதினொரு கடிதம்,
மொழிபெயர்ப்பாளர் கையெழுத்து,
இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழி,
அத்தனைக்கும் பிறகு
இல்லாத ஆளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.
என் தாய்மொழியில்
இங்கே எழுத முடியாத ஒன்றைச் சொன்னேன்.

அவர் அட்டையை விளக்கடியில் சாய்த்துப் பார்த்தார்.
மணிக்கட்டில் புதிதாய் ஒரு தீப்பொறித் தழும்பு.
"விடுங்கள்" என்றார்.
"இங்கே குளிரில் நிற்பவன் இவனாகவே இருக்கட்டும்.
இவன் ஒண்டிக்கட்டை.
வாடகை கொடுப்பான், வெல்டிங் தெரியும்.
ஓகாரக்காரன் வீட்டிலேயே இருக்கிறான்.
சின்னவளுக்கு முன்பல் விழுந்திருக்கிறது,
பக்கத்தில் ஆள் வேண்டும்."

விட முடியாது.
வங்கி ஒப்பாது, சம்பளம் ஏறாது.
அவருக்கும் அது தெரியும்,
தெரிந்துதான் சொன்னார்.
திருத்த மனுவை எடுத்து
'சரியான பெயர்' என்ற இடத்தில் எழுதினேன்.
அந்த ஓவை மட்டும் வேண்டுமென்றே பெரிதாக,
உள்ளே ஓர் ஆள்
கொஞ்சம் சாய்ந்து நிற்கிற அளவுக்கு.

கெஸ்துதிஸ் தலையை நீட்டினார்.
"என் வெல்டர் எங்கே?"

எவர், என்று கேட்டேன்.