உடுக்குறி

போரா வீசும் நாள்களில் திரியெஸ்தேயின் தெருமுனைகளில்
அந்தக் காலத்தில் கயிறு கட்டுவார்களாம்.
இப்போது கயிறில்லை. கம்பம் கம்பமாகப் பிடித்து வந்து சேர்ந்தேன்.
வெள்ளிக்கிழமை சாவியை ஒப்படைக்க வேண்டும்.
மேசையில் முப்பத்தொன்பது வட்டுகள்,
எதுவும் ஒரு சீட்டுக்கட்டின் கனம்கூட இல்லை.

"அதுதான் எல்லாவற்றையும் டெலீட் செய்தாயிற்றே"
என்றார் கட்டடக்காரரின் ஆள்.
கதவு எண்ணைப் பிடுங்கியிருக்கிறோம், அவ்வளவுதான்.
உள்ளே குடியிருப்பவர் உள்ளேதான் இருக்கிறார்.

மேலே பூஜ்யம் எழுதினாலும் முழுக்கப் போகாது.
ஒரே அறை தேயக் கூடாதென்று
இது சொன்ன இடத்தில் எழுதாது.
புது அறையில் எழுதிவிட்டு
பழையதைக் கணக்கில் வராத மூலையில் வைத்துக்கொள்ளும்.
அந்த மூலையில் இருக்கலாம்
எந்த இரவில் எந்தக் காட்டுவழி என்பது,
ஒரு பையனின் மணிக்கட்டு எலும்பைப் படம்பிடித்து
பதினெட்டு முடிந்தது என்று எழுதிய கையெழுத்து,
அவன் அண்ணனின் பெயர்,
அண்ணனைத் தேடுகிறவர்களின் பெயர்.
சில பெயர்கள் எனக்கு மனப்பாடம். இங்கே சொல்லமாட்டேன்.
சொன்னால் நாள் முழுக்க என்ன வேலை பார்த்தேன்?

ஆகவே வட்டிடமே கேட்க வேண்டும், நீயாக மறந்துவிடு என்று.
கறுப்புத் திரையில் ஒரு வரி.
முதலாவது மறுத்தது. உறைநிலையில் இருக்கிறேன் என்றது.
கள்ளத்தனமாக யாரும் அழித்துவிடாதிருக்க
கணினி விழிக்கும்போதே போடுகிற பூட்டு அது.
திறக்க வேண்டுமென்றால் கணினியைத் தூங்கவைக்க வேண்டும்.
தூங்கவைத்தேன். விசிறி நின்றது.
நிவெஸ் சின்னக் கண்ணாடித் தம்ளர்களில் காபி கொண்டுவந்தாள்.
குடித்துவிட்டு எழுப்பினோம். மறுக்கவில்லை.
அழிவதற்கென்றே ஒரு கடவுச்சொல் கேட்டது.
ஒற்றை எழுத்து கொடுத்தேன். இரண்டு நிமிடம்.

பிறகு சரிபார்ப்பு.
உள்ளிருப்பதைக் கொட்டிக் காட்டு என்றால்
ஒரு வரி பூஜ்யங்கள்,
அடுத்த வரியில் ஒரே ஓர் உடுக்குறி.
கடைசிவரை இதேதான் என்று பொருள்.
இருநூற்று ஐம்பது ஜிகாபைட் அந்தப் புள்ளிக்குள் அடங்கிவிட்டது.

பதினொன்று. பத்தொன்பது. இருபத்தாறு.
நிவெஸ் வட்டின் வரிசை எண்ணை வாசிப்பாள்,
நான் ஒப்பிட்டுத் தட்டுவேன், அவள் தாளில் கோடு போடுவாள்.
அவளுடைய கணினியைத்தான் பென்டிரைவிலிருந்து எழுப்பியிருந்தோம்.
அவள் வட்டு பூஜ்யம். அழிய வந்தது ஒன்று.
இருபத்தேழை மாட்டியபோது
காற்றில் மின்சாரம் போய்த் திரும்பியது.
கணினி எழுந்தபோது பூஜ்யமும் ஒன்றும்
இடம் மாறி உட்கார்ந்திருந்தன.
அவள் ஜன்னலை மூடப் போயிருந்தாள். நான் எண் கேட்கவில்லை.
ஒன்று என்று தட்டினேன்.
நான்கு விநாடிகூட ஆகவில்லை.

அவளுடைய ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள்,
ஆறு வருடத்தில் நாங்கள் வென்ற வழக்குகளின் பட்டியல்.
(பட்டியல் சிறியதுதான்.)
"நகல் இருக்கிறதா?"
"இருந்தது."
"எங்கே?"
மேசையைக் காட்டினாள். பதினான்காவது. கோடு போட்டாயிற்று.

ஜன்னல் இன்னும் சரியாக மூடியிருக்கவில்லை,
உலுக்கிக்கொண்டே இருந்தது.
அவள் இழுப்பறையைத் திறந்து
மிச்சமிருந்த விண்ணப்பப் படிவம் ஒன்றை எடுத்தாள்.
முதல்நாள் வந்து அமர்கிறவர்களிடம் கேட்கும் அதே நிதானத்தில்
தன் பெயரைத் தானே கேட்டு எழுதினாள்.
பிறந்த தேதி எழுதினாள்.
கைவசம் ஆவணங்கள் என்ற இடத்தில்
இல்லை என்பதன் பக்கத்துக் கட்டத்தில் டிக் அடித்தாள்.
எனக்கும் ஒரு சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது.

"ஃபூல்வியோ, இருபத்தேழு இன்னும் அப்படியே இருக்கிறது,"
என்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
"இந்தமுறை எண்ணை நீ வாசி."