பசைத் தடம்

ஒத்தக்கடை நரசிங்கம் ரோட்டில்
என் கடைக் கண்ணாடியில் பதினாலு வரி.
மனு எழுதுதல், ஜெராக்ஸ், லேமினேஷன், ஆதார் திருத்தம்,
பான் கார்டு, ரயில் டிக்கெட், கரண்ட் பில், வில்லங்கம்,
பாஸ்போர்ட் போட்டோ, கோர்ட் டைப்பிங், ரீசார்ஜ்,
புளியோதரை ஆர்டர்.
கடைசியது என் மச்சான் யோசனை.
மிச்சம் இரண்டு எனக்கே நினைவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பில் ஒரு வரி:
"எல்லாம் செய்து தரப்படும்."
அந்த எல்லாம் நான்தான்.
நானும் ஒரு பிரிண்டரும்
அதன் வாயில் சிக்கிக்கொள்ளும் தாளும்.

ஐகோர்ட் கிளைக்குப் போகிற ஜூனியர் வக்கீல்கள்
ஒன்பதரைக்குள் அபிடவிட் கேட்டுக் கண்ணாடியைத் தட்டுவார்கள்.
பத்து மணிக்குத் தட்கல் திறக்கும்,
அத்தனை பேர் மூச்சும் என் பிடரியில்.
டீ ஆறும். ஆறிய டீயில் ஆடை படியும்.
ஒதுக்க நேரமில்லாமல்
ஆடையோடு குடித்துப் பழகிவிட்டேன்.

படுத்தால் கண்ணுக்குள் ஓடிபி வந்துகொண்டிருக்கும்.
ஆறு இலக்கம். முப்பது நொடி.
மகள் டைரியில் கையெழுத்துக் கேட்டபோது
"டோக்கன் எடுத்தியா" என்றேன்.
அவள் சிரித்தாள்.
நான் சிரித்ததாக ஞாபகமில்லை.

ஆடியில் அது நடந்தது.
திருமோகூர்ப் பக்கம் செங்கல் சூளை ஒச்சம்மாள்,
புருஷன் செத்து ஐந்து மாசம்,
உதவித்தொகைக்கு மனுப் போட வந்தாள்.
அவள் பெயருக்கு நடுவே ஒரு டிக்கெட்,
டிக்கெட்டுக்கு நடுவே ஒரு ரீசார்ஜ்.
ஒச்சம்மாள் உச்சம்மாள் ஆனாள்.
ஒரே ஓர் எழுத்து.
அதன் சுழிக்குள் மூன்று மாசம் கிடந்தாள்.

தாலுகா ஆபீசுக்கு நாலு நடை, பேங்குக்கு ரெண்டு,
நடந்த நாளுக்கெல்லாம் சூளையில் கூலி இல்லை.
ஐப்பசி மழையில் வந்து நின்றவள் திட்டவில்லை.
பாலித்தீன் பையைப் பிரித்து,
திருப்பி அனுப்பிய தாளை மேஜையில் வைத்து,
"ஒச்ச. ஒச்சாண்டம்மனுக்கு வர்ற ஒச்ச" என்றாள்,
காது கேட்காதவளிடம் சொல்வதுபோல நிதானமாக.

ஷட்டரைப் பாதி இறக்கினேன்.
வெளியே யார் தட்டினார்களோ.
நாற்பது நிமிஷம், ஒரே மனு.
ஒவ்வொரு கட்டத்தையும் வாசித்துக் காட்டினேன்,
அவள் தலையாட்டிய பிறகே அடுத்தது.
முடித்தபோது
காதோரம் ஏறிக்கிடந்த என் தோள்பட்டை
இறங்கித் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது.
அது அவ்வளவு நாளாக அங்கே இல்லை என்பதே
அப்போதுதான் தெரிந்தது.

ராத்திரி பிளேடு எடுத்தேன்.
முதலில் புளியோதரை.
மச்சான் போனில்,
"வர்ற லட்சுமிய வெளக்குமாத்தால அடிக்கிறியா?"
நகத்துக்கடியில் பசை, போனைப் பிடிக்க முடியவில்லை.
ரயில் டிக்கெட் வரும்போது மட்டும் கை நின்றது.
மாசம் நாலாயிரம். வாடகையில் பாதி.
நின்ற கை
கொஞ்சம் கழித்துச் சுரண்டியது.

விட்டுவைத்தது மூன்று.
மனு. ஆதார் திருத்தம். ஜெராக்ஸ்,
அது பாவம், தன்பாட்டுக்கு ஓடும்.
சிவப்பு வரியில் "எல்லாம்" மட்டும் போச்சு.
"செய்து தரப்படும்" இருக்கிறது.

கார்த்திகையில் துண்டு விழுந்தது,
மகளின் டியூஷன் பீஸ் பாக்கி நின்றது.
தையில் கொஞ்சம் நிமிர்ந்தேன். முழுசாக இல்லை.

வெயில் சாய்ந்தால்
யானைமலைப் பக்கத்து வெளிச்சம் கண்ணாடியில் விழுகிறது.
பசைத் தடத்தில் தூசி அப்பி
சுரண்டிய எழுத்தெல்லாம் மறுபடி தெரிகிறது.
அதைப் படித்துவிட்டு இன்னும் ஆள் வருகிறது.
"இல்லைங்க" என்கிறேன்.
முதல் வாரம் அந்தச் சொல்லுக்கு நாக்குக் கூசியது,
இப்போது பிச்சைமணி கடைக்குக் கைகாட்டுகிறேன்,
பஸ் ஸ்டாப் எதிரில்.

ஒச்சம்மாள் பாஸ்புக் ஜெராக்ஸுக்கு வந்தாள்.
ரெண்டு ரூபாயை எடுத்து வைத்தாள்.
வாங்கிக்கொண்டேன்.

நேற்று டீ வந்தது.
வந்த கையோடு குடித்தேன்.
பழக்கமில்லாத நாக்கு
பொத்துப்போனது.