மைனஸ் நாற்பது

சாவியைப் பாதி திருப்பினால்
பின்னிருக்கைக்கு அடியில் பம்ப் மூன்று விநாடி முனகி
ஓய்கிறது.
குழாயில் அழுத்தம் நிற்கிறது. சரி.
முழுக்கத் திருப்பினால்
வண்டி இருமுகிறது, தோள் குலுக்குகிறது,
கிளம்ப மாட்டேன் என்கிறது.

எண்பத்தொன்பதாம் ஆண்டு சாகா.
கழற்றிய கார்புரேட்டரை மீன் வாங்கிய பையில் சுற்றி
அலமாரிக்கு மேல் வைத்திருக்கிறார் குணாளன்,
யாரோ திருப்பிக் கேட்கப் போவதுபோல்.
அதன் இடத்தில் இப்போது
என் போனஸில் வாங்கிய அலுமினியத் தொண்டை,
நான்கு ஊசிகள், ஒரு கறுப்புப் பெட்டி.
தானே கற்றுக்கொள்ளும் என்று
அட்டையில் அச்சடித்திருந்தது.

மூன்று சனிக்கிழமைகள்.
பேட்டரி இரண்டு தடவை செத்தது.
ஆ ஹெங் கடையில் நான்கு பிளக், மறுபடி நான்கு.
கழற்றினால் கறுத்து நனைந்து
பெட்ரோல் சொட்டுகிறது.
"காதாலேயே கேட்டு அரைச் சுற்றுல சரிபண்ணுவேன்,
இதுல ஸ்க்ரூ எங்க?"
குலை ஏற்றிய லோரியைச் சேற்றிலிருந்து தனியாக மீட்பவர்
மடிக்கணினி முன்னால்
கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

நான் ஆலை ஆய்வகத்தில் எண்ணெயின் அமிலம் அளப்பவள்.
எண் முறைத்தால் எண்ணெயைத் திட்டாதே,
முதலில் கருவியைப் பார்:
எனக்குச் சம்பளம் அதற்குத்தான்.
திரையை மேலிருந்து கீழாகப் படித்தேன்.
மின்சாரம், பன்னிரண்டு புள்ளி ஒன்று.
காற்றழுத்தம், குறையில்லை.
எஞ்சின் சூடு,
மைனஸ் நாற்பது.

சங்காட் ஜொங்கில்.
பிற்பகல் மூன்று மணிக்கு.
தார் செருப்பில் ஒட்டுகிற வெயிலில்
பெட்டி மட்டும் பனிக்கட்டி நாட்டில் நின்றுகொண்டு,
ஐயோ குளிருதே பிள்ளைக்கு என்று
எஞ்சினுக்கு ஊட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.
அன்பில் குறையில்லை.
யாரும் அதற்கு வெயிலைச் சொல்லவில்லை.

சென்சார் கம்பி சொருகியில் பாதிதான் நுழைந்திருந்தது.
கிளிக் என்னும்வரை தள்ளினேன்.
முப்பத்தாறு.

"பெடலைத் தரை வரைக்கும் அமுக்குங்க."
"இன்னும் மூழ்கிடாதா?"
"முழுசா அமுக்கினா ஊசி மூடிக்கும்."
நம்பாமல்தான் அமுக்கினார்.
நாலு சுற்று வெறும் காற்று.
அப்புறம் ஒரு கரும்புகை,
பக்கத்து வீட்டு அமுதவல்லி அக்காவின் வெள்ளை யூனிஃபார்ம் மேல்.
அப்புறம் சத்தம்.

சத்தம் என்றால் ராகம் இல்லை.
ஏறி, விழுந்து, ஏறி,
குடித்தவன் படிக்கட்டு ஏறுவது மாதிரி.
அதையும் அடக்கிவிட்டு
மடியில் கணினியோடு செம்பனைக்குள் போனோம்.
திரை முழுக்கக் கட்டங்கள்,
மானேஜர் சுவரில் மாட்டிய தோட்டப் படம்போல.
ஓடிய கட்டத்தில் எண் மாறுகிறது,
ஓடாத கட்டம் அப்படியே கிடக்கிறது.
"மூணாவது கியர். அப்படியே பிடிங்க. ஏத்தாதீங்க.
இப்ப கொஞ்சம்."
கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில்
நான் சொல்ல அவர் கேட்டு
இவ்வளவு தூரம் போனதில்லை.
பதினான்கு புள்ளி ஏழில் ஊசி அசையாமல் நின்றபோது
இருவருமே வாயைத் திறக்கவில்லை.

வலது மேல் மூலை மட்டும் வெறுமை.
அவ்வளவு வேகத்துக்கு இந்தத் தோட்டத்தில் நீளமான சாலை இல்லை.
அங்கே இருப்பவை யாரோ ஊகித்த எண்கள்.
இருக்கட்டும்.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிப் பார்ப்பதுதான் சிக்கல்.
ஒரு நாளைக்கு ஒரே வாய்ப்பு,
சூடேறிவிட்டால் போச்சு.

காலை ஐந்தே முக்கால். இருபத்தைந்து டிகிரி.
பெரட்டுக்குப் போகும் வங்காளதேசப் பையன்கள்
மோட்டார் சைக்கிளை மெதுவாக்கி எட்டிப் பார்த்தார்கள்.
கிளம்பியது. நடுங்கியது. நிற்கப் பார்த்து நிற்கவில்லை.
ஒரு கட்டத்தில் ஆறு கூட்டினேன்.

"சரியா?"
"நாளைக்குத்தான் தெரியும்."
குணாளன் தலையைச் சாய்த்து
கொஞ்ச நேரம் கேட்டார்.
"நாலு போதும்" என்றார்.