கடைமடைச் சில்லறை

நாகப்பட்டினம் பஸ் ஸ்டாண்டில்
கட்டணக் கழிப்பிடம் ஏலம் எடுத்திருக்கிறேன்.
ஒரு மேசை, ஒரு தகர டப்பா,
'சில்லறையாகத் தரவும்' என்று
என் கையெழுத்தில் ஒரு அட்டை.
மழை பெய்தால் வரும்படி கூடும்,
வெயிலடித்தால் குறையும்.
இதற்கு மேல் பொருளாதாரம் தெரியாது எனக்கு.

மாசி மாதத்தில் ஒருநாள்
உலாந்தாக்காரன் கல்லறை பார்த்துவிட்டு
ஜெகபர் வேனிலிருந்து இறங்கினாள் ஒருத்தி.
பேர் அன்னெகே என்று பிறகு தெரிந்தது.
முகத்தில் அவசரம்.
அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

"கக்கூஸா? நேரே போய் இடதுபக்கம்."

நின்றுவிட்டாள்.
அந்த அவசரத்திலும் நின்றாள்.
இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.
சொன்னேன்.
உதட்டை வேறு மாதிரி குவித்து
அதையே திருப்பிச் சொல்லிவிட்டு
உள்ளே ஓடினாள்.

வெளியே வந்தபோது
சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.
அவர்கள் ஊர்ச் சொல்லாம் அது.
முதல் பாதிக்கு அர்த்தம் நமக்கே தெரியும்,
பின்பாதி வீடு.
கோட்டை போயிற்று, காசடித்த சாலை போயிற்று,
கொடிமரம் எங்கே நின்றதென்று எவருக்கும் தெரியாது,
இது மட்டும் முந்நூறு வருஷமாய்
எங்கள் வாயில் குடியிருக்கிறது, வாடகையில்லாமல்.

"அஞ்சு ரூபா துட்டு" என்றேன்.
மறுபடி ஆரம்பித்துவிட்டாள் சிரிக்க.
துட்டும் அவர்கள் செப்புக்காசாம்.
என் தொழிலுக்கென்று இருந்ததே ரெண்டு சொல்.

"பெரிய ஆளுங்கதான் டச்சுக்காரங்க" என்றேன்.
சிரிப்பு நின்றது.
டச்சு எங்கள் சொல் இல்லை என்றாள்,
இங்கிலீஷ்காரன் வைத்தது.
வேன் ஓட்டிப் பழகிய இங்கிலீஷில்
ஜெகபர் அவிழ்த்துவிட்டான்:
குடித்தால் வரும் வீரம் டச்சு வீரம்,
புரியாமல் உளறினால் இரட்டை டச்சு,
அவனவன் தின்றதுக்கு அவனவன் கொடுத்தால்
அது டச்சு விருந்து.
கடலில் மூண்ட சண்டையை
அகராதியில் வைத்துத் தீர்த்திருக்கிறான் அந்த மனுஷன்.

அவனவன் காசு அவனவனா?
அப்படிப் பார்த்தால் என் வாசலில்
அத்தனை பேரும் டச்சுதான்.

நாங்களும் யோக்கியமில்லை.
பேர் தெரியாத புண் வந்தபோது
பறங்கிப்புண் என்று வைத்தோம்,
அதே வாயால்
பறங்கிக்காய்க் கூட்டும் தின்றோம்.

ஆனால் ஏச்சாவதற்கு முன்னால்,
ஒரு நாட்டின் பேராவதற்கும் முன்னால்
அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறாம்.
கோயிலுக்குள் லத்தீன்,
வெளியே மீன்விலை கேட்டதும்
பிள்ளையைத் திட்டியதும் இன்னொரு பேச்சு.
அந்தப் பேச்சுக்குப் பேர்.
ஜெர்மன்காரன் இன்னும் அதையேதான்
தனக்கு வைத்திருக்கிறானாம்.

"கொச்சை" என்று மொழிபெயர்த்தான் ஜெகபர்.
"சனங்க பேசுறதுன்னு சொல்லு" என்றேன்.

தன் நாட்டை அவர்கள் எப்படிச் சொல்வார்கள்?
"தாழ்ந்த நாடு" என்றான்.
ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தேன்,
என்னைச் சொல்கிறானோ என்று.
இல்லை, நிலத்தைத்தான்.
ஆறு வந்து முடியும் இடம்,
கடல் மேலே, வயல் கீழே.
மேட்டூரில் திறந்த தண்ணீர்
எல்லார் வயலும் குடித்த பிறகு
எங்களுக்கு வரும், வந்தால்.
கடைமடை என்று சொல்லச் சொன்னேன்.
ழகரம் இல்லாத சொல், சரியாகவே சொன்னாள்.

ஐம்பது ரூபாய்த் தாளை வைத்துவிட்டு
மீதி வேண்டாம் என்று கையாட்டினாள்.
எண்ணி எண்ணி நாற்பத்தைந்தும்
அவள் உள்ளங்கையில் வைத்தேன்.
அவனவன் காசு அவனவன்.

வேன் திரும்பவில்லை,
வேளாங்கண்ணி பஸ் கண்டக்டர்
பையை இடுப்பில் பிடித்தபடி ஓடிவந்தான்:
"அமலோற்பவம்க்கா, கக்கூஸ் காலியா?"
'நவீன கட்டணக் கழிப்பிடம்' என்று
நகராட்சி எழுதிய பலகை அவன் தலைக்கு மேலே.
அந்தப் பேரைச் சொல்லி
இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

ராத்திரி கணக்கில்
ஆயிரத்து நூற்றுப் பத்து.
அவள் கொடுத்ததைத் தனியே எடுத்துவைக்கவில்லை.
எல்லாம் ஒரே டப்பா.